மண்ணிலிருந்து வந்த பொன்மருந்து: வைத்தியர் சுப்பாராவின் வாழ்க்கை

வீரமுனையிலிருந்து ஒரு பழைய மாணவி, வைத்தியர்

நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்தினர் கேட்டபோது, ஏற்கெனவே எல்லோரும் எழுதிய ஒருவரை விட்டு, இந்தியா முத்திரை வெளியிட்டுக் கொண்டாடியும் நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத ஒருவரைத் தேர்ந்தோம். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவரை நமக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் கைபட்ட மருந்துகள் நம் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டன. கர்ப்பிணி கிளினிக்கில் போலிக் அமிலக் குளிசை வாங்காத தாய் நம்மில் அநேகமாக இல்லை. எலிக்காய்ச்சலுக்குப் பயந்து, வயலில் இறங்குமுன் சுகாதாரப் பரிசோதகர் கொடுத்த டொக்சிசைக்கிளின் விழுங்கிய தகப்பனோ சகோதரனோ நம்மில் பலருக்கு உண்டு. யானைக்கால் நோயை இலங்கை ஒழித்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது. அந்த வெற்றிக்கு உதவிய முக்கியமான குளிசையும் அவரது ஆய்வுகூடத்திலிருந்து வந்ததே. ஆனால் நாம் அவரை எழுத வந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. இன்று எங்கள் வைத்தியசாலை விடுதிகளில் எங்களைக் கலங்கவைக்கும் பிரச்சினையின் முதல் அத்தியாயமும் அவர் காலத்து ஆய்வுகூடத்திலேயே எழுதப்பட்டது.

பரீட்சையில் தவறிய பிள்ளை

1895 ஜனவரி 12 ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில், வசதி குறைந்த தெலுங்குக் குடும்பமொன்றில் சுப்பாராவ் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஒருவர். படிப்பில் கெட்டிக்காரன் என்று சின்ன வயதில் யாரும் அவரைச் சொன்னதில்லை. காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரனாகிவிடலாம் என்று ஒருமுறை வீட்டை விட்டு ஓடினார். வழியிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்கள். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தவறினார். தாயார் வெங்கம்மா விடவில்லை. நகைகளை விற்று மகனைச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முறையில் சித்தியடைந்தார்.

பிறகு பிரசிடென்சி கல்லூரி. அதன்பின் சந்நியாசம் பூண்டு இராமகிருஷ்ண மிஷனில் சேர ஆசைப்பட்டார். தாயார் சம்மதிக்கவில்லை. ஆகவே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919 இல் சேஷகிரி என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். படிப்புச் செலவில் பெரும்பகுதியை மாமனார் ஏற்றார்.

அது காந்தியடிகளின் ஒத்துழையாமைக் காலம். சுப்பாராவ் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. பாடங்களில் நன்றாகச் செய்திருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதிலும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசாங்க வைத்திய சேவையின் கதவு அதனால் மூடிக்கொண்டது. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்துக் காலத்தை ஓட்டினார்.

இந்த ஆண்டுகளில் அவர் வீட்டில் பெரும் துக்கம் நடந்தது. சகோதரர்கள் இருவர் சில நாட்கள் இடைவெளியில் இறந்தார்கள். இருவரையும் கொண்டுபோனது ஸ்புரூ என்ற வயிற்றுநோய். சாப்பாடு உடம்பில் சேராது, வயிற்றோட்டம் நிற்காது, இரத்தம் வற்றும். அதற்கு அன்று மருந்து இல்லை. அதே நோய் சுப்பாராவையும் பிடித்து, அவர் தப்பியது அருமை. இந்த நோயின் வேரைக் காணவேண்டும் என்ற எண்ணம் அப்போது அவருக்குள் விழுந்தது.

போஸ்டனில் இரவு வேலை

1920களின் தொடக்கத்தில், மாமனாரின் உதவியோடும் ஒரு தருமநிதியின் வாக்குறுதியோடும், ஹார்வர்டில் வெப்பவலய மருத்துவம் படிக்க அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவருடைய சான்றிதழ் அங்கே செல்லுபடியாகவில்லை. வைத்தியராக வேலை பார்க்க முடியாததால் போஸ்டன் வைத்தியசாலையொன்றில் இரவு ஊழியரானார். நோயாளரின் மலசலப் பாத்திரங்களைக் கழுவிக் கிடைத்த கூலியில் பகலில் படித்தார். ஊரில் பிறந்த ஆண் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. கால் நூற்றாண்டு அமெரிக்காவில் வாழ்ந்தார், ஊருக்குத் திரும்பவில்லை, மனைவியையும் மறுபடி காணவில்லை. சேஷகிரி அம்மையார் கடல் கடந்த ஊரில் கடைசிவரை காத்திருந்தார். பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளில் இப்படிப்பட்ட பெண்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. பெண்கள் வாசிக்கும் இந்த மலரில் அந்த ஒரு வரியையாவது நிறுத்தி வாசிப்போம்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு உயிர்இரசாயனவியல் ஆய்வில் இறங்கினார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பொஸ்பரசு எவ்வளவு உள்ளதென்று அளக்க இருவரும் 1925 இல் வெளியிட்ட முறை, ஃபிஸ்க் சுப்பாராவ் முறை என்ற பெயரில் பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. தசைகள் வேலை செய்யச் சக்தி தரும் பொஸ்போகிரியாற்றினை 1927 இலும், உயிர்க்கலங்களின் நாணயம் போன்ற ஏ.டி.பி.யை 1929 இலும் இனங்கண்டார்கள். ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டுபிடித்தார். உயர்தரத்தில் உயிரியல் படித்த நம்மில் எத்தனை பேர் அந்த மூன்றெழுத்தை ஆயிரம் தடவை எழுதியிருப்போம்! எழுதும்போது சென்னையில் படித்த ஒருவரின் பெயர் அதற்குப் பின்னால் இருப்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. ஹார்வர்டும் அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை.

பேர்ள் ரிவரில் எட்டு ஆண்டுகள்

1940 இல் அவர் நியூயோர்க் மாநிலத்தின் பேர்ள் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுகூடத்துக்குப் போனார். அங்கே ஆராய்ச்சிப் பணிப்பாளராக உயர்ந்து, இரசாயனவியலாளர், உயிரியலாளர், வைத்தியர் என்று நூற்றுக்கணக்கானோரை ஒரே நோக்கத்தில் வேலைசெய்ய வைத்தார். ஆய்வறிக்கைகளில் பல இடங்களில் தன் பெயரைச் சேர்க்காமல் உதவியாளர்களின் பெயரையே முன்னால் விட்டார். புகைப்படத்துக்கும் பத்திரிகைக்கும் முகம் கொடுக்கக் கூச்சப்பட்டார். அவர் பெயர் மறைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர் முதலில் தேடியது தன் சகோதரர்களைக் கொன்ற நோயின் மருந்தை. இதில் நமக்கு நெருக்கமான ஒரு கிளைக்கதை உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர், பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் இரத்தசோகையை ஆராய்ந்து, மாமைட் கொடுத்தால் அது குணமாகிறதென்று 1931 இல் எழுதினார். பாண் துண்டில் மாமைட் பூசிச் சாப்பிட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு இது இனிப்பான செய்தி. மாமைட்டில் இருந்த அந்தப் பொருள் என்ன என்ற கேள்விக்குப் பதிலாக வந்ததே போலிக் அமிலம். 1945 இல் சுப்பாராவின் குழு அதை ஆய்வுகூடத்தில் தயாரித்துக் காட்டியது. ஸ்புரூ நோயாளிகள் அதைப் பெற்று எழுந்து நடந்தார்கள். இரண்டு சகோதரர்களுக்கும் காலம் தாழ்த்தி வந்த மருந்து அது.

அதன் தொடர்ச்சியாக, போலிக் அமிலத்துக்கு எதிராக வேலைசெய்யும் பொருட்களையும் அவர்கள் உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்றைக் கொண்டே போஸ்டன் வைத்தியர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் நோயை முதன்முறையாகத் தற்காலிகமாகவேனும் பின்வாங்க வைத்தார். அதன் உறவான மெதொட்ரெக்சேற் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் நாங்கள் எழுதும் மருந்து. 1947 இல் யானைக்கால் புழுவுக்கான ஹெட்ராசான் வந்தது.

பொன்னிற நுண்ணுயிர்

போர்க்காலத்தில் பெனிசிலின் அற்புதங்கள் செய்தது. ஆனால் அது கேட்காத கிருமிகள் ஏராளம். ஸ்ரெப்ரோமைசின் வந்தது; அதற்கும் எல்லை இருந்தது. பலவகைக் கிருமிகளுக்கு எதிராக வேலைசெய்யும், ஊசியாக அல்லாமல் வாயால் விழுங்கக்கூடிய ஒரு மருந்தைத் தேடும் வேலையைச் சுப்பாராவின் ஆய்வுகூடம் எடுத்துக்கொண்டது. அதில் முன்னின்றவர் பெஞ்சமின் டகர். வயதாகிவிட்டதென்று பல்கலைக்கழகம் ஓய்வில் அனுப்பிய தாவரவியல் பேராசிரியர். எழுபது கடந்தவரைச் சுப்பாராவின் ஆய்வுகூடம் வேலைக்கு வைத்துக்கொண்டது. நாட்டின் பல திசைகளிலிருந்தும் மண் மாதிரிகள் வந்தன. 1945 இல் மிசூரிப் பல்கலைக்கழகத்தின் புல்வயல் ஒன்றிலிருந்து வந்த மண்ணில் பொன்னிறமான ஒரு நுண்ணுயிர் வளர்ந்தது. பொன் என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லால் அதன் மருந்துக்கு ஓரியோமைசின் என்று பெயரிட்டார்கள். டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. டொக்சிசைக்கிளின் அதன் வழிவந்தது.

1948 ஜூலையில் ஓரியோமைசின் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை சுப்பாராவ் படுக்கையில் இறந்து கிடந்தார். மாரடைப்பு. வயது 53. கடைசிவரை அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே போய்ச் சேர்ந்தார். பிற்காலத்தில் ஒரு பூஞ்சணத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1995 இல், அவரது நூற்றாண்டில், இந்தியா முத்திரை வெளியிட்டது.

அவர் போனபின் நடந்தது

வாழ்க்கை வரலாறு இங்கே முடியலாம். மருந்தின் வரலாறு முடியவில்லை.

ஓரியோமைசின் வடித்தெடுத்தபின் எஞ்சும் சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள், அதே லெடர்லியில் வேலைசெய்த தோமஸ் ஜூக்ஸும் றொபர்ட் ஸ்டொக்ஸ்டாடும். உண்மையில் அவர்கள் தேடியது ஒரு விட்டமினை. குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கொழுத்தன. சக்கையில் மிஞ்சியிருந்த மருந்தே காரணம் என்று 1950 இல் செய்தி வெளியானது. பிறகு கேட்க வேண்டுமா? நோயில்லாத கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் தீனியோடு சிறு அளவில் கிருமிமருந்து கலப்பது உலக வழக்கமாயிற்று. 1950களின் நடுப்பகுதியில் இறைச்சி பழுதாகாமலிருக்க அதை ஓரியோமைசின் நீரில் அமிழ்த்தி எடுக்கும் முறைகூட அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

சிறு அளவு என்பதிலேயே ஆபத்து இருந்தது. பெனிசிலினைக் குறைவாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று அலெக்சாண்டர் பிளெமிங் 1945 நொபெல் உரையிலேயே எச்சரித்திருந்தார். கோடிக்கணக்கான பற்றீரியாக்களில் தற்செயலாக ஒன்று மருந்துக்குத் தப்பும் தன்மையோடு பிறக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, இடமெல்லாம் அதற்கே சொந்தமாகும். டெட்ராசைக்கிளினுக்குத் தப்ப அவை கைக்கொள்ளும் வழியொன்று நம் ஊர்க்காரருக்கு எளிதில் விளங்கும். வயலில் நிற்கும் வெள்ளத்தைப் பம்ப் வைத்து இறைப்பதுபோல, உள்ளே வரும் மருந்தைக் கிருமி வெளியே இறைத்துத் தள்ளும். அந்தப் பம்பைச் செய்யும் மரபணுவை அது தன் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பக்கத்திலுள்ள வேறு இனக் கிருமிக்கும் கொடுக்கும், பரீட்சை மண்டபத்தில் விடைத்தாளை அடுத்த மேசைக்குத் தள்ளுவதுபோல. 1950களில் ஜப்பானில் வயிற்றுளைவு நோயாளிகளிடம், சல்பா, ஸ்ரெப்ரோமைசின், குளோரம்பெனிக்கோல், டெட்ராசைக்கிளின் என்ற நான்குக்கும் ஒருசேர அசையாத கிருமி காணப்பட்டது. ஓரியோமைசின் பிறந்து பத்து ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

எங்கள் விடுதிகளில் இன்று

வைத்தியசாலை நோய் தீர்க்கும் இடம். கடினமான கிருமிகள் கூடும் இடமும் அதுவே. அங்கே படுத்திருப்பவர்கள் பலவீனர். கையில் சேலைன் ஊசி, சிறுநீர்க் குழாய், மூச்சுக்குழாய் என்று உடம்புக்குள் போகும் வழிகள் திறந்திருக்கும். பலமான மருந்துகள் தினமும் பாவிக்கப்படும். கிளெப்சியெல்லா, அசினெற்றோபக்ரர், சூடோமோனஸ் என்ற பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிராமல் இருக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலைசெய்பவர்களுக்கு அவை தூக்கம் கெடுக்கும் பெயர்கள்.

நோயாளியின் இரத்தத்தையோ சளியையோ ஆய்வுகூடத்தில் வளர்த்து, எந்த மருந்து வேலைசெய்யும் என்று அறிக்கை தருவார்கள். மருந்து கேட்கும் என்றால் பெயருக்கு எதிரே எஸ் என்ற எழுத்து. கேட்காது என்றால் ஆர். மேலிருந்து கீழாக ஆர், ஆர், ஆர் என்று வரும் அறிக்கைகளை நாங்கள் இப்போது காண்கிறோம். விபத்தில் வந்தவருக்கு எலும்பு பொருந்திவிடும்; பிரசவத்துக்கு வந்தவருக்குப் பிள்ளை சுகமாகப் பிறந்துவிடும்; இடையில் தொற்றிய கிருமி ஆளைக் கொண்டுபோகும். வந்த நோய் மாறிவிட்டது, வராத நோயால் இறந்துவிட்டார் என்று வெளியில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்வது எந்த வைத்தியருக்கும் இலகுவல்ல. உலகம் முழுவதும் 2019 இல் மட்டும், மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட நிலையில் நாங்கள் கடைசியாகத் தேடும் மருந்துகளில் ஒன்று டைகிசைக்கிளின். 2005 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இது, ஓரியோமைசினின் பேரப்பிள்ளை. கிருமி இறைத்துத் தள்ள முடியாதபடி மூலக்கூறைத் திருத்தி அமைத்தது. லெடர்லி வேறு கம்பனிகளின் கைக்கு மாறியபின்னும், சுப்பாராவ் நடந்த அதே பேர்ள் ரிவரிலேயே அது உருவானது. மற்றொன்று கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்குமென்று ஒருகாலத்தில் ஒதுக்கிவைத்த பழைய மருந்து. வேறு வழியில்லாமல் அதைத் திரும்ப எடுத்தோம். மனிதர் ஒதுக்கிய காலத்தில் பண்ணைகள் அதைத் தீனியில் கலந்துகொண்டிருந்தன. கொலிஸ்டினுக்கு அடங்காமையைக் கிருமிக்குக் கிருமி கடத்தும் மரபணு 2015 இல் சீனாவில் கண்டறியப்பட்டது. கோழிக்குஞ்சின் கதை இன்னும் முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீனியில் கிருமிமருந்து கலப்பதை 2006 இல் முற்றாகத் தடைசெய்தது. இந்தியா 2019 இல் உணவு விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடைசெய்தது.

சகோதரிகளிடம் கேட்பவை

நோயாளி பார்க்கப் போவது நம் பிரதேசத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரேமாதிரிப் பேணும் நல்ல பண்பு. அதை விடச் சொல்லவில்லை. விடுதிக்குள் போகும்போதும் வரும்போதும் கைகளைக் கழுவுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். சேலைன் ஊசியையும் சிறுநீர்ப் பையையும் தொடாதீர்கள். கைக்குழந்தைகளை வீட்டில் விட்டுவாருங்கள். கிருமி ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குப் போக அதிகம் பாவிக்கும் வாகனம் மனிதக் கைதான். இது எங்களுக்கும் தாதியருக்கும் சேர்த்துச் சொல்வது. நாங்கள் கை கழுவாமல் உங்கள் நோயாளியைத் தொட வந்தால் தயங்காமல் கேளுங்கள்.

தடிமனுக்கும் பெரும்பாலான தொண்டை நோவுக்கும் காரணம் வைரசு. அமொக்சிசிலின் அதை ஒன்றும் செய்யாது. வைத்தியரின் சீட்டு இல்லாமல் பாமசியில் நாலு கப்சியூல் வாங்குவது சட்டத்துக்கும் புறம்பு. பிள்ளைக்குத் தந்ததில் மிஞ்சியதை அலுமாரியில் வைத்துத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். எத்தனை நாள் என்று வைத்தியரிடம் கேட்டு அத்தனை நாளும் குடியுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். காய்ச்சல் பிள்ளையோடு வந்து, கிருமிமருந்து எழுதாத வைத்தியரைத் திறமையில்லாதவர் என்று எண்ணாதீர்கள். எழுதாமல் விளக்கிச் சொல்ல அதிக நேரமும் அதிக துணிவும் வேண்டும்.

லண்டனிலும் ரொறொன்ரோவிலும் வளைகுடாவிலும் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே குடும்ப வைத்தியர் தர மறுக்கிறார் என்று, விடுமுறைக்கு ஊர் வரும்போது மருந்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அந்த மறுப்பு கஞ்சத்தனமல்ல, காவல்.

மற்ற மருந்துகளுக்கும் இவற்றுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. பிரஷர் குளிசையை ஒருவர் வீணாக்கினால் நட்டம் அவருக்கு. கிருமிமருந்தை ஒருவர் வீணாக்கினால் நட்டம் யாருக்கோ. சேனநாயக்க சமுத்திரத்தில் திறக்கும் தண்ணீர் வாய்க்கால் வழியே நம் வயல்களுக்கு வருகிறது. மேல்மடைக்காரர் தேவையில்லாமல் பாயவிட்டால் கடைமடைப் பயிர் காயும். காய்ந்த வயல்காரரை மேல்மடைக்காரர் பார்த்திருக்கவும் மாட்டார். தடிமனுக்கு நாம் விழுங்கும் கப்சியூலும் அப்படித்தான். அதற்கு விலை கொடுப்பவர், நாம் முகம் அறியாத ஒரு விடுதியில் மூச்சுக்குழாயோடு கிடப்பவர்.

இரண்டு சகோதரர்களை மருந்தில்லாமல் பறிகொடுத்த ஒருவர், மனைவி பிள்ளை முகம் பாராமல், மலசலப் பாத்திரம் கழுவிப் படித்து, தன் வாழ்நாளின் கடைசி எட்டு ஆண்டுகளில் மருந்துகளை வரிசையாகத் தந்துவிட்டுப் போனார். அவருக்குப் பின் வந்த நாம் இந்த வாய்க்காலின் மேல்மடையில் நிற்கிறோம். நம் பேரப்பிள்ளைகள் கடைமடையில் இருக்கிறார்கள். தண்ணீர் அவர்கள் வயலுக்கும் போய்ச் சேரட்டும்.